பசுவா, சோயாவா? பாலைப் பற்றி நாம் எடுக்க வேண்டிய முடிவு

பால் என்றால் பசுவும் ஆடும் எருமையும் தருவது என்பதே நாம் அறிந்தது. இன்றோ நகரத்துக் கடைகளில் சோயாப்பால், பாதாம்பால், ஓட்ஸ்பால் எனத் தாவரப் பால் வகைகள் வந்துவிட்டன. இவை பசுப்பாலை விட உடலுக்கும் பூமிக்கும் நல்லவை என்று விளம்பரம் செய்கின்றார்கள். வசதி படைத்தவர்களின் பேச்சு என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது. இடம்பெயர்ந்தபோது மாடுகளைப் பட்டியோடு விட்டுவந்து, இன்றுவரை ஒரு பசுவைக்கூட மீள வாங்க முடியாத குடும்பங்கள் நம் மத்தியில் உள்ளன. 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பால்மாப் பக்கெற் ஒன்றுக்காக வரிசையில் நின்ற தாய்மாரும் நம் மத்தியில் உள்ளார்கள். பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்பது நமக்கு அன்றாடக் கேள்வி.

முதலில் சூழலைப் பார்ப்போம். பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 2018 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் உலகளாவிய கணக்கொன்றை வெளியிட்டார்கள். ஒரு லீற்றர் பசுப்பாலுக்குச் சராசரியாக 9 சதுர மீற்றர் நிலமும் 628 லீற்றர் நீரும் தேவைப்படுகின்றன. 3 கிலோவுக்குச் சற்று அதிகமான பச்சைவீட்டு வாயுவும் வெளியேறுகின்றது. சோயாப்பாலுக்கு ஒரு சதுர மீற்றரிலும் குறைந்த நிலமும் 28 லீற்றர் நீரும் போதும். வாயு ஒரு கிலோவளவே. ஆனால் எல்லாத் தாவரப் பாலும் ஒன்றல்ல. பாதாம்பால் ஒரு லீற்றருக்கு 371 லீற்றர் நீர் செலவாகின்றது. உலகின் பாதாமில் பெரும்பகுதி விளையும் கலிபோர்ணியாவோ அடிக்கடி வரட்சிக்கு உள்ளாகும் பூமி.

இது உலகச் சராசரிக் கணக்கு. நம்முடைய மாடு வைக்கோலையும் வரம்புப் புல்லையும் தின்று வளர்வது. மனிதன் உண்ண முடியாததை அது பாலாகவும் எருவாகவும் மாற்றித் தருகின்றது. 2021 இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டபோது ஒரு கூடைச் சாணத்தின் பெறுமதி என்னவென்று நாடே கண்டுகொண்டது. அதற்காக நமது மாட்டால் சூழலுக்குக் கேடே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. அசைபோடும் மாடு எங்கிருந்தாலும் மீதேன் வாயுவை வெளிவிடும். நாளொன்றுக்கு ஓரிரு லீற்றர் மட்டும் கறக்கும் பசுவில், ஒரு லீற்றருக்கு விழும் பங்கு அதிகமே. ஆகவே எண்ணிக்கையைப் பெருக்குவதிலும் பார்க்க, இருக்கும் பசுவுக்கு நல்ல தீனும் போதிய தண்ணீரும் கொடுத்துப் பாலைக் கூட்டுவதே மேல். அதற்கு மேய்ச்சல் தரை வேண்டும். மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 இல் வீதிக்கு வந்தது அந்தத் தரைக்காகவே.

இனி உடல்நலம். பசுப்பாலில் 100 மில்லிலீற்றருக்கு 3 கிராமுக்குச் சற்று அதிகமான புரதம் உண்டு. சோயாப்பால் ஏறக்குறைய அதற்குச் சமம். பாதாம்பாலிலும் அரிசிப்பாலிலும் ஒரு கிராமளவும் தேறாது. நமது தேங்காய்ப்பால் கறிக்கும் கஞ்சிக்கும் உகந்தது. ஆனால் அதில் கொழுப்பே அதிகம், பாலின் இடத்தை அது நிரப்பாது. சோயாப்பாலிலும் குறை உண்டு. வீட்டில் தயாரிப்பதில் கல்சியம் மிகக் குறைவு, விற்றமின் பி12 அறவே இல்லை. ஆகவே முருங்கை இலை, எள், குரக்கன், முள்ளோடு உண்ணும் நெத்தலி, முட்டை ஆகியவை பிள்ளையின் தட்டில் சேர வேண்டும். கடையில் பெட்டியில் வாங்குவோர் சீனி எவ்வளவு சேர்த்திருக்கின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

தாய்மார் ஒன்றை மறக்கலாகாது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சோயாப்பாலோ, பசுப்பாலோ, சாதாரண பால்மாவோ கொடுக்கக் கூடாது. தாய்ப்பால் கொடுக்க முடியாத நிலை வந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். சோயா சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது. தடிப்போ வாந்தியோ கண்டால் நிறுத்திவிடுங்கள்.

நமது கருத்து இதுதான். பசு உள்ளவர் சோயாவை நம்பிப் பசுவை விற்க வேண்டாம். பசு இல்லாதவர், நியூசிலாந்திலிருந்து வரும் பால்மாவை மட்டுமே நம்பி இருக்கவும் வேண்டாம். சோயா மூன்று, மூன்றரை மாதத்தில் விளையும் பயிர். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். நெல்லுக்குப் போதிய நீர் இல்லாத சிறுபோகத்தில் மேட்டு வயலில் ஒரு பகுதிக்கு ஏற்றது. விதை வெகு விரைவில் முளைதிறன் இழந்துவிடும். ஆகவே பழைய விதையை விதைத்து ஏமாறாமல் கமநல சேவை நிலையத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் விசாரியுங்கள்.

பால் எடுப்பது கடினமல்ல. சோயாவை இரவு முழுதும் ஊறவைத்துத் தோல் நீக்கி, சுடுநீர் விட்டு அரைத்தால் பச்சை வாடை குறையும். துணியில் வடித்து, கிளறியபடி கால் மணி நேரமாவது கொதிக்க விட வேண்டும். சரியாகக் காய்ச்சாத சோயா, புரதம் சமிக்காமல் தடுத்து வயிற்றைக் குழப்பும். ஒரு கிலோ சோயாவில் ஏறக்குறைய 7 லீற்றர் பால் எடுக்கலாம். சக்கையை எறியாதீர்கள். ரொட்டி மாவிலும் வடையிலும் சேர்க்கலாம். மிஞ்சியது மாட்டுக்கும் கோழிக்கும் தீன்.

தனியொரு குடும்பம் கல்லுரலில் அரைத்துக் களைப்பதை விட, மாதர் சங்கம் ஓர் அரைக்கும் இயந்திரத்தைப் பொதுவில் வாங்கி, முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு கோப்பை கொடுக்கத் தொடங்கலாம். நிலத்தையும் பட்டியையும் இழந்தபின்னும் பயிர் செய்யும் அறிவு நம் கையில் இருக்கின்றது. பிள்ளைகளின் கோப்பையை நிரப்பக் கப்பல் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.