போனைப் பிடுங்கினால் படிப்பு வந்துவிடுமா?

குடவாசல் கடைத்தெருவில் டீ குடிக்க நின்றாலும் சரி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, அரசு கலைக் கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றிக் காதில் விழும் தீர்ப்பு ஒன்றுதான். "இதுகளுக்குப் படிப்புல அக்கறையே இல்ல சார். எந்நேரமும் கையில போனு. நோட்டத் தொறந்து நாலு தடவ படிச்சாப் போதும், அதுகூடச் செய்யிறதில்ல. கிளாசுக்கும் ஒழுங்கா வர்றதில்ல. தமிழ் மீடியம் வேற. நாங்கள்லாம் தெருவிளக்குல படிச்சோம்." இப்படிச் சொல்பவர்களில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் உண்டு, உரக்கடைக்காரர் உண்டு, அதே கல்லூரியில் மகளைச் சேர்த்துவிட்ட அப்பாவும் உண்டு. எல்லாரும் ஒரே குரலில் சொல்வதாலேயே யாரும் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்த்தால் ஒரு குற்றச்சாட்டு பாதி தேறுகிறது. மற்றவை தேறவில்லை.

முதலில் அக்கறை. இந்த ஊர் டாக்டர் எம்.ஜி.ஆர். அரசு கலை அறிவியல் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் குடவாசலிலேயே வேண்டும் என்று மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் போராடினார்கள். கட்டடம் கட்டி முடிக்கும் நாளில் அவர்களில் பலர் டிகிரி முடித்து வெளியே போயிருப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். தாங்கள் உட்காரப் போகாத வகுப்பறைக்காகத் தெருவுக்கு வந்த பிள்ளைகளை அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பாதி தேறும் குற்றச்சாட்டு போன் பற்றியது. பாடம் நடக்கும்போது திரையில் வேறு எதையாவது மேய்ந்தால் கற்பது குறையும். இதில் மறுபேச்சுக்கு இடமில்லை. 2013இல் கனடாவில் ஃபாரியா சானாவும் மற்றவர்களும் மடிக்கணினியை வைத்துச் செய்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. திரையை மேய்ந்தவர்கள் மட்டுமல்லாமல், அவர்கள் திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் பாடத்தில் குறைந்த மதிப்பெண்தான் வாங்கினார்கள். ஆகவே வகுப்பு நேரத்தில் போன் பைக்குள் இருக்கட்டும். அது பக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் மரியாதையும்கூட.

வகுப்புக்கு வெளியே கதை வேறு. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு அந்த போன்தான் நூலகம். பழைய வினாத்தாள், பேராசிரியர் அனுப்பும் பிடிஎஃப், தேர்வுக் கட்டணம், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், ரிசல்ட் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. அறிவிப்பை எல்லாம் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, "எந்நேரமும் போனையே பார்க்கிறான்" என்று குறைப்பட்டால் அந்தப் பிள்ளை என்னதான் செய்வான்? அப்பா அதட்டி போனைப் பிடுங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவன் அடுத்து எதை எடுப்பான்? நோட்டை எடுப்பான். எடுத்து என்ன செய்வான் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

நவம்பர் செமஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும்போது எந்தத் தெருவிலும் பார்க்கலாம். மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்த பெண்ணின் மடியில் ஜெராக்ஸ் நோட்ஸ். கையில் மஞ்சள் ஹைலைட்டர். முதல் யூனிட்டில் முக்கியமான வரிகளுக்கு மட்டும் மஞ்சள் விழுந்திருக்கும். மூன்றாவது யூனிட் வரும்போது பக்கமே மஞ்சளாகிவிடும். உதடு அசைய அசைய அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். அம்மாவுக்கு நிம்மதி, பிள்ளை படிக்கிறது. நான்கு தடவை படித்தால் போதும் என்று டீக்கடையில் சொல்லும் யோசனையைத்தான் அவள் அப்படியே செய்கிறாள். கோளாறே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. ஒரு பிரிவு ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்றிலும் வாசித்தது. இன்னொரு பிரிவு முதல் சுற்றில் மட்டும் வாசித்தது. மற்ற மூன்று சுற்றிலும் தாளைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கே வெற்றி: 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். வாசித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. முந்தின ராத்திரி வாசித்துவிட்டுக் காலையில் போய் எழுதுகிற பிள்ளை தப்பித்துக்கொள்வதும், அடுத்த செமஸ்டரில் அதே பாடத்தின் தொடர்ச்சி வரும்போது ஒன்றும் தெரியாமல் விழிப்பதும் இதனால்தான். 2013இல் டன்லோஸ்கியும் சகாக்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசி எழுதினார்கள். திரும்ப வாசிப்பதும் மஞ்சள் அடிப்பதும் பலன் குறைந்த வரிசையில் நின்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், படிப்பை நாள் இடைவெளி விட்டுப் பிரித்துப் படிப்பதும் முதல் வரிசைக்கு வந்தன. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதன் அருமை தெரிந்த ஊர் இது. ஒரு மாதத் தண்ணீரை ஒரே ராத்திரியில் வயலில் பாய்ச்சச் சொன்னால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். படிப்பில் மட்டும் அதைத்தான் செய்யச் சொல்கிறோம்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலிலேயே பவணந்தி முனிவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் தேறும். உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால். மீதி அரை, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். நன்னூலின் அந்தப் பகுதியையே மதிப்பெண்ணுக்காக வரி பிசகாமல் ஒப்பிக்க வைத்து, அது சொல்லும் காரியத்தைக் கோட்டைவிட்டவர்கள் நாம்.

செலவில்லாமல் செய்யக்கூடியது எப்படி இருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாரும் நோட்டை மூடுகிறார்கள். அரைத் தாள். இன்று நடத்தியதில் நினைவில் இருக்கும் மூன்று விஷயம், புரியாத ஒரு விஷயம். பேர் போட வேண்டாம், மார்க் கிடையாது. பணவீக்கம் பற்றிய வகுப்பு என்றால் பாதிப் பேர் "விலை ஏறுவது" என்று மட்டும் எழுதி நிறுத்தியிருப்பார்கள். மறுநாள் எங்கே தொடங்க வேண்டும் என்பது ஆசிரியருக்கு அந்தத் தாள்களிலேயே தெரிந்துவிடும். பிள்ளைக்கும் தனக்குத் தெரியாதது எது என்று அன்றைக்கே தெரியும், ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

"வந்து உட்கார்ந்தாலும் கவனிப்பதில்லை" என்ற இன்னொரு புகாரையும் இங்கேயே பார்த்துவிடலாம். 2014இல் ஃப்ரீமனும் சகாக்களும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் ஏறத்தாழ 34 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவரை எழுத, பேச, விடை காண வைத்த வகுப்புகளில் தோற்றவர்கள் 22 சதவீதம். அதே பாடம், அதே வயது, நடத்திய விதம்தான் வேறு. ஒரு மணி நேரம் டிக்டேஷன் கொடுத்தால் யாராக இருந்தாலும் கண் சொருகும். டிக்டேஷன் எழுத காதும் கையும் போதும்.

அதற்காக ஆசிரியர் தலையில் பழியைத் தூக்கி வைக்கவும் எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான வகுப்புகளைத் தாங்கி நிற்பவர்கள் கவுரவ விரிவுரையாளர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் மாதம் ரூ.50,000 வரை தரலாம் என்றது. இங்கே கைக்கு வந்தது அதில் பாதியோ அதற்கும் குறைவோ, அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம். முனைவர் பட்டம் வாங்கி, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாமல் பாடம் நடத்துபவரிடம் அரைத் தாளை வாங்கி வாசிக்கச் சொல்கிறோம். அவர்களில் பலர் வாசிக்கத்தான் செய்வார்கள், அது அவர்கள் பெருந்தன்மை. கல்வித் தரத்தைப் பெருந்தன்மையின் மேல் நிறுத்துவது அரசுக்கு அழகில்லை.

அடுத்து வருகைப் பதிவு. 75 சதவீதம் இல்லையென்றால், குறைவை மன்னிப்பதற்கான காண்டொனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். இன்னும் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. இது தெரிந்தும் ஏன் வரவில்லை? "காசு ஆசை, வேலைக்குப் போறான்" என்கிறார்கள். வேலைக்குப் போகிறான் என்பது சரி. முகூர்த்த நாளென்றால் கேட்டரிங் வேனில் ஏறிக் கும்பகோணத்துக்கோ திருவாரூருக்கோ போகிறான். ராத்திரி ரிசப்ஷன் பந்தி பரிமாறி, எச்சில் இலை எடுத்து, மண்டபத்து மூலையில் ஜமக்காளத்தை விரித்து இரண்டு மணி நேரம் தூங்கி, விடிகாலை டிபன் பந்தி முடித்துவிட்டு முதல் வகுப்புக்கு வந்து உட்காருகிறான். அவன் தலை சாய்ந்தால் அதற்குப் பெயர் அக்கறையின்மையா?

தை, மாசியில் சம்பா அறுப்பு. நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறை வரும்வரை காவல் இருக்க வேண்டும். மழை தூறினால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். பகலில் அப்பா, ராத்திரியில் மகன். இரண்டாவது செமஸ்டரின் முதல் இன்டர்னல் தேர்வு பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வந்து நிற்கும். நடவு நாளில் அம்மா வயலுக்குப் போனால் வீட்டுச் சமையலும் தம்பி தங்கையும் மகள் பொறுப்பு. இன்டர்னல் தேதியை அறுப்புக்குத் தக்கபடி நகர்த்த எந்த அரசாணையும் தேவையில்லை, துறைத் தலைவர் மனது வைத்தால் போதும். அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ரூ.1,000 தருகின்றன. நல்ல காரியம், இலவசம் என்று இதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆயிரம் ரூபாய் ஒரு பிள்ளைக்குச் சில ராத்திரித் தூக்கத்தைத் திருப்பி வாங்கித் தருகிறது.

தமிழ் மீடியம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புரிந்த மொழியில் படிப்பது யாரையும் மட்டமாக்காது. கல்லூரிப் பாடத்துக்குப் புதிய தமிழ்ப் புத்தகம் கிடைக்காததுதான் குறை. பெயருக்கு இங்கிலீஷ் மீடியம் என்று வைத்து, வகுப்பில் தமிழில் விளக்கி, தேர்வில் பிள்ளை தனக்கே புரியாத இங்கிலீஷ் பத்தியை உருப்போட்டு எழுதும் வேடிக்கையை யாரும் குறை சொல்வதில்லை.

கடைசியாக அந்தத் தெருவிளக்கு. அந்தக் காலத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர். தெருவிளக்கில் படித்துத் தேறியவர் இன்று மேடையில் கதை சொல்கிறார். அதே விளக்கடியில் படித்துத் தோற்றவர் எங்கே என்று யாரும் தேடுவதில்லை. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. வீட்டில் முதல் முறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள் இந்த உயர்வில் நிறையப் பேர். அவர்களையும் அந்த ஒன்றிரண்டு பேரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

தோற்றவர் கதை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கும் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்தார் கணித மேதை ராமானுஜன். ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவரை உருவாக்கியதாகச் சொல்லப்படும் கார் என்பவரின் கணிதத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள்: ஐயாயிரம் அளவுக்குத் தேற்றங்கள், நிரூபணம் பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். விடுபட்டதை அவரே போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும் நோட்ஸ் அவர் கையில் கிடைத்திருந்தால் அவ்வளவு போட்டுப் பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். ராமானுஜன் எல்லாரும் ஆக முடியாது. ஆனால் தேர்வில் தோற்றவன் படிக்காதவன் என்று எழுதி ஒட்டுவதற்கு முன் காவிரிக் கரைக்காரர்களாவது கொஞ்சம் யோசிக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்று சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் போனைப் பிடுங்காதீர்கள். "இன்னைக்கு என்ன நடத்துனாங்க, எனக்குச் சொல்லு" என்று பக்கத்தில் உட்காருங்கள். நோட்டைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். முதல் நாள் இரண்டு வாக்கியம்தான் வரும், விடாமல் மறுநாளும் கேளுங்கள். இதைக் கேட்க நீங்கள் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. பாடம் உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.