மீன்கூடையும் இணையதளமும்

'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?' என்று கேட்பது நம்மவர் வழக்கம். மணமே ஆளை அழைத்து வந்துவிடும் என்பது கருத்து. உண்மைதான். ஆனால் மணம் எவ்வளவு தூரம் போகும்? தெருமுனை வரை போகும்; காற்று சாதகமாக இருந்தால் அடுத்த தெருவுக்கும் போகும். எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியில் பிடிபடும் சேற்று நண்டு விமானம் ஏறிச் சிங்கப்பூர் வரை போகிறது. அதைப் பிடித்தவர் பெயரோ எளாவூர் இரயில் நிலையத்தைத் தாண்டுவதில்லை. இடையில் எத்தனை கைகள் மாறுகின்றனவோ அத்தனை கைகளிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, மிச்சம்தான் ஏரிக்கரைக்கு வந்து சேருகிறது. இந்நிலையை மாற்ற ஓர் இணையதளம் உதவுமா என்றால், உதவும் என்பதே என் விடை. ஆனால் இன்று நம் வியாபாரிகள் பணம் கொடுத்து அமைத்துக்கொள்ளும் இணையதளங்களில் பெரும்பாலானவை உதவா என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். இரண்டையும் எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

என் சித்தப்பா ஏரியோரக் கிராமங்களில் நண்டு வாங்கி, எளாவூரிலிருந்து வெளியூர்களுக்கு அனுப்பும் சிறு வியாபாரி. 2023-ஆம் ஆண்டு, நான்கு பேர் சொன்னதைக் கேட்டு, சென்னையில் ஒரு நிறுவனத்திடம் இருபத்தையாயிரம் ரூபாய் கொடுத்து இணையதளம் ஒன்றை அமைத்தார். திறந்தவுடன் நீலக் கடல் தோன்றும். அதில் ஒரு பாய்மரப் படகு போகும். எங்கள் ஏரியில் அப்படியொரு படகு என்றைக்கும் மிதந்ததில்லை. பிறகு படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். அதன்கீழ் ஆங்கிலத்தில் வரவேற்புரை. நிறுவனத்தின் தொலைநோக்கு யாது, இலட்சியம் யாது என்று இரு பத்திகள். சித்தப்பாவுக்குத் தொலைநோக்கு என்றால் அடுத்த வாரம் மழை வருமா என்பதுதான்! நண்டு என்ற சொல் மூன்றாம் பக்கத்தில் வரும். விலை எங்குமில்லை. தொலைபேசி எண்ணைத் தேடிக் கடைசிப் பக்கம் போனால், அதுவும் படத்திற்குள் எழுதப்பட்டிருந்தது. தொட்டால் அழைப்புப் போகாது, காகிதத்தில் குறித்துக்கொண்டுதான் அழைக்க வேண்டும். கேள்வி ஏதும் இருந்தால் பதினோரு கட்டங்களைக் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும்.

எங்கள் ஏரிக்கு எதிர்க்கரைதான் ஸ்ரீஹரிகோட்டா. 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுமந்து எஸ்.எல்.வி.-3 கிளம்பியது அங்கிருந்துதான். இராக்கெட் புகையை வாசலில் நின்றே பார்க்கும் எங்களுக்குக் கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல் கிடைக்கச் சில நாள் மொட்டைமாடி ஏற வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கோட்டில் மேற்சொன்ன நீலக்கடல் முழுதாக வந்து சேர்வதற்குள் பொறுமையுள்ளவனும் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிடுவான்.

இத்தனையையும் கடந்து ஒருவர் அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தார் என்பதுதான் வேதனை. நெல்லூர்ப் பக்கம் உணவுவிடுதி நடத்துபவர். வாரந்தோறும் நாற்பது கிலோ தேவை என்று எழுதியிருந்தார். அக்கடிதம் நாங்கள் ஒருநாளும் திறக்காத ஒரு மின்னஞ்சல் பெட்டியில் நான்கு மாதம் கிடந்தது. நாங்கள் கண்டு அழைத்தபோது அவர் வேறிடத்தில் ஏற்பாடு செய்துகொண்டுவிட்டார். மரியாதையாகவே பேசினார், அது இன்னும் வலித்தது. வாரம் நாற்பது கிலோ என்பது எங்கள் ஊரில் நான்கைந்து வீடுகளின் அடுப்பு.

அன்றிரவு வீட்டில் பெரிய விவாதம். சித்தப்பா நிறுவனத்தைக் குறை சொன்னார். நான் சிக்னலைக் குறை சொன்னேன். சித்தி மீன்கூடை சுமந்து ஊர் ஊராக விற்றவர். கைப்பேசியை வாங்கிச் சற்றுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் கூடைய எறக்கி வச்சா மொத வேலையா துணிய வெலக்கி மீனத்தான் காட்டுவேன். இவங்க துணியவே காட்டிக்கினு இருக்காங்களே!"

இணையதள அமைப்பைப் பற்றி நான் படித்தவை அனைத்தும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன என்றால் மிகையாகாது. அமெரிக்கரான ஸ்டீவ் க்ரூக் 2000-ஆம் ஆண்டில் இத்துறை பற்றி எழுதிப் புகழ்பெற்ற நூலின் தலைப்பே 'என்னைச் சிந்திக்க வைக்காதே' என்று பொருள்படுவது. கூடைக்காரி வாங்க வருபவரைச் சிந்திக்க வைப்பதில்லை. பெரிய மீன் மேலே இருக்கும். கேட்குமுன் செவுளைத் திறந்து சிவப்பைக் காட்டுவார். விலையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றப் பேச்சு. நேற்றைய மீனென்றால், "இது கொழம்புக்கு வேணாம்மா" என்று தாமே ஒதுக்கிவிடுவார். நாளையும் அதே தெருவுக்குப் போயாக வேண்டுமல்லவா?

இதில் புதுமை ஏதுமில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஏரிமுகத்தில் வணிகம் செய்ய வந்த டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து அவர்கள் கப்பலேற்றியதில் முக்கியமானது துணி. கீழைத்தீவுகளின் மக்கள் எந்த நிறத்தை விரும்புகிறார்கள், எந்தக் கரையை உடுத்துகிறார்கள் என்று அறிந்து அதற்கேற்ப நெய்யச் சொல்லி வாங்கினார்கள். தங்கள் கண்ணுக்கு அழகானதை அன்று, வாங்குபவர் உடுத்துவதை. அவர்கள் செய்த மற்றக் காரியங்களை நான் போற்றவில்லை. ஆனால் வாங்குபவரிடமிருந்து தொடங்கும் இந்தப் பாடத்தை நம் வியாபாரிகள் இணையத்திற்கு வந்தவுடன் மறந்துவிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பது போல் இணையதளம் அமைக்கிறார்கள்.

இன்னும் அண்மையில் ஒரு சான்று உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினம் என்ற மீனவர் கிராமத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தொடங்கிய தகவல் மையத் திட்டத்தின்கீழ் ஒரு மையம் அமைந்தது. கடலில் அலை எவ்வளவு உயரும் என்ற முன்னறிவிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காணும்படி இருந்தது. ஆங்கிலத்தில், வரைபடங்களாக இருந்த அந்தச் செய்தியால் கட்டுமரக்காரருக்கு என்ன பயன்? மையத்தில் இருந்தவர்கள் அதைப் படித்து, இன்று அலை இத்தனை உயரம் என்று தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதன் பிறகே அது செய்தியாயிற்று. இணையத்தில் இருப்பது வேறு, மக்களிடம் சேர்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

"இணையதளமே எதற்கு? வாட்ஸ்அப் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நம்மை முன்பே அறிந்தவருக்கு வாட்ஸ்அப் போதும். அறியாதவர் நம்மைத் தேடும்போது நாம் அகப்பட வேண்டுமே! அதற்குத்தான் இணையதளம். தெருவில் விற்கும் கூடைக்காரிக்கு அதுவும் தேவையில்லை. கூகுள் வரைபடத்தில் இடமும் எண்ணும் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால், ஐம்பது பேர் வந்துபோகும் சிறுகடைக்குக்கூட அது போதும் என்பது என் எண்ணம். பெரிய விற்பனைத் தளங்களில் சேர்ந்துகொள்ளலாமே என்பாரும் உண்டு. சேரலாம். ஆனால் அங்கே வாங்குபவரின் பெயரும் முகவரியும் அவர்களிடம் இருக்கும். நம்மிடம் தரகுக் கணக்குத்தான் இருக்கும். இடைத்தரகரை விட்டு விலக நினைத்துப் புதிய தரகரிடம் போவதா?

பிறகு நானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் 2024 கோடை விடுமுறையில் அந்தத் தளத்தைத் திருத்த உட்கார்ந்தோம். முதல் அடியே சறுக்கியது. தளத்தின் பெயர் சித்தப்பா பெயரில் பதிவாகவில்லை. அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப் புதிய பெயர் ஒன்றை வாங்கினோம். இதைப் படிப்பவர் எவரேனும் இணையதளம் அமைப்பதாயிருந்தால், பெயரை முதலில் தம் பெயரில், தம் மின்னஞ்சலில் பதிவு செய்யட்டும். ஆண்டுக் கட்டணத்தின் கெடுநாளைச் சுவரில் எழுதி வைக்கட்டும். கடை நம்முடையது, பூட்டுச் சாவி மட்டும் அடுத்தவருடையது என்றால் எப்படி?

பாய்மரப் படகை எடுத்துவிட்டு, சித்தப்பா கையில் கயிறு கட்டிய நண்டு இருக்கும் படத்தை வைத்தோம். கை இருந்தால்தான் நண்டின் அளவு தெரியும். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் நான்கைந்து மெகாபைட் இருக்கும். அதைச் சுருக்கி நூறு, நூற்றைம்பது கிலோபைட் ஆக்கினாலும் சிறிய திரையில் வேறுபாடு தெரிவதில்லை. ஒரு கோடு சிக்னலிலும் வந்துவிடுகிறது. படத்தின் கீழேயே விலை. அரைக்கிலோவுக்கு மேற்பட்டது என்ன விலை, சிறியது என்ன விலை, சதை நிறைந்ததா, புதிதாக ஓடு மாற்றி உள்ளே நீராயிருக்கும் நண்டா என்று பிரித்து எழுதினோம். அதன் கீழே தொட்டால் அழைப்புப் போகும் எண். அவ்வளவுதான் முதற்பக்கம்.

விலை போடுவதில்தான் சித்தப்பாவுடன் வாக்குவாதம். "தினம் மாறும் விலையை எப்படிப் போடுவது?" என்றார். தினம் மாறுவதால்தான் போட வேண்டும் என்றேன். வட கேரளத்தில் 1997-க்கும் 2001-க்கும் இடையே கைப்பேசி வந்தபோது, மத்தி பிடித்த மீனவர்கள் கரைக்கு வருமுன்பே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டு அங்கே படகைத் திருப்பினார்கள். துறைக்குத் துறை இருந்த விலை வேறுபாடு குறைந்தது. வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது நின்றது. இராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் இதை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டிருக்கிறார். விலை தெரிவதால் பிடிப்பவருக்கும் நன்மை, உண்பவருக்கும் நன்மை. எனவே விலையோடு தேதியும் போடுவது என்று முடிவாயிற்று. பொங்கலன்று தீபாவளி விலையைக் காட்டும் பக்கம் இல்லாமலிருப்பதே மேல்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அது நம் கணினியில் இல்லையென்றால் பக்கமெல்லாம் புரியாத குறிகள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடும், 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதும் அந்தத் தொல்லையைத் தீர்க்க எடுத்த முயற்சிகள். இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழ் எழுதலாம், தேடினாலும் கிடைக்கும். அப்படியிருந்தும் பலர் தமிழைப் படமாக்கி ஒட்டுகிறார்கள். படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி தவறவிடும். பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடும். நாங்கள் தமிழை எழுத்தாகவே எழுதினோம். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா, ஆந்திரம் வந்துவிடுகிறது. ஆகவே தெலுங்கிலும் ஒரு பக்கம். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இரு மொழியும் தெரியுமாதலால் அதற்குச் செலவில்லை.

முடித்தபின் பெருமையாக இருந்தது. பயன்படுத்துவோர் ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதைப் படித்திருந்தோம். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், சாலையோர உணவகச் சமையற்காரர் ஒருவர், சித்தி உட்பட இன்னும் மூவர் என்று ஐவர் கையில் கைப்பேசியைக் கொடுத்து, "ரெண்டு கிலோ நண்டு வேணும்னு வச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றோம். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். 'ஆர்டர்' என்ற பொத்தானை மூவர் தொடவேயில்லை. பணம் போய்விடுமோ என்ற அச்சம். 'போன் செய்து கேட்க' என்று மாற்றினோம். சாம்பல் நிறத்தில் நாகரிகமாக நாங்கள் வைத்த எழுத்து வெயிலில் தெரியவில்லை, கறுப்பாக்கினோம். சமையற்காரர் படத்தைத்தான் அழுத்திப் பார்த்தார். படத்தை அழுத்தினாலும் அழைப்புப் போகும்படி செய்தோம். இந்த ஒரு மாலையில் கற்றதை எந்தப் பாடநூலிலும் நான் கற்றதில்லை.

நம் வணிகவியல் மாணவர்கள் மின்வணிகத்தின் இலக்கணத்தை எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். அதன் வகைகளை அடைமொழியோடு ஒப்பிக்கிறார்கள். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு கடைக்கு, பனையோலைப் பெட்டி முடையும் பெண்களுக்கோ கருவாட்டு வியாபாரிக்கோ, ஒரே ஒரு பக்கம் அமைத்துக் கொடுத்து, ஐவர் கையில் கொடுத்துப் பார்த்து, அதை எழுதி ஒப்படைக்கும்படி நம் துறை ஏற்பாடு செய்தால் என்ன? கணிப்பொறி அறிவியல் துறைத் தோழர்களும் உடனிருந்தால் இன்னும் நன்று.

புதிய தளத்தால் சித்தப்பா மாடிவீடு கட்டிவிடவில்லை. வாரம் மூன்று நான்கு அழைப்புகள் வருகின்றன. அவற்றில் பாதி விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிடுபவை. சூளூர்ப்பேட்டை உணவகம் ஒன்று மட்டும் நிலையாக வாங்குகிறது. காலை எட்டு மணிக்குள் சித்தி விலையைச் சொல்ல, என் தங்கை தட்டச்சு செய்து ஏற்றிவிடுகிறாள்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் எச்சரிக்கை வந்து படகுகளெல்லாம் கரையேறிக் கிடந்தன. தங்கை பக்கத்தின் தலையிலேயே 'இன்று நண்டு இல்லை' என்று போட்டுவிட்டாள். சித்தப்பாவுக்குக் கோபம். "இல்லைன்னு சொல்றதுக்கா இவ்ளோ செலவு பண்ணேன்?" என்றார். சித்தி பதில் பேசவில்லை. பத்து மணிவாக்கில் மணி அடித்தது. மறுமுனையில் ஒருவர், "எப்போ வரும்னு சொல்லுங்க, காத்திருக்கோம்" என்றார்.