தலையிடியோடு தரையும் சாய்கிறதா?

மலைநாட்டிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34. மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு ஒன்றரை வயது. பதினெட்டு வயதிலிருந்தே மாதத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு பக்கத் தலையிடி வரும். அது அவருக்குப் பழகிப்போன சங்கதி. ஆனால் இந்த இரண்டு வருடங்களாகக் கூடவே வேறொன்றும் வருகிறது. தலையிடி நாட்களிலும், சிலவேளை தலையிடியே இல்லாத நாட்களிலும், தரை ஒரு பக்கமாகச் சாய்வது போலிருக்கிறதாம். மேசையில் வைத்ததாக நினைத்த தேநீர்க் கோப்பை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுகிறது. கதவு நிலையில் தோள் இடிபடுகிறது. படியில் கால் வைத்தால், படி நினைத்த இடத்தில் இல்லை.

பிரஷர் பார்த்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், ஸ்கானும் எடுத்தார்கள். எல்லாம் சரியாம். மாமி கண்ணூறு என்கிறார். கணவர், "உமக்குக் கவனம் போதாது" என்கிறார். கடிதத்தின் கடைசியில் அவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். "எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறதா? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கலாமா, கூடாதா?"

முதற் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம். இல்லை, சகோதரி. நீங்கள் எழுதியிருப்பது உடம்பு சம்பந்தப்பட்ட ஒரு நோயின் அடையாளங்களைப் போலவே இருக்கிறது.

நாம் நிமிர்ந்து நடப்பதற்கு மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி போகிறது. முதலாவது கண். இரண்டாவது பாதம், மூட்டு, கழுத்துத் தசைகள். மூன்றாவது உட்செவி. அங்கே ஒவ்வொரு காதிலும் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவை சொல்லும். அவற்றுக்கு அருகிலுள்ள இரண்டு சிறு பைகள், கீழ் எது மேல் எது என்பதைச் சொல்லும். இந்த மூன்று செய்திகளும் ஒத்துப்போகும் வரை நாம் அவற்றை நினைப்பதே இல்லை. கோட்டை ரயில் நிலையத்தில் நமது ரயில் நின்றுகொண்டிருக்கும்போது பக்கத்து ரயில் நகர்ந்தால், நாமே நகர்வதுபோல் ஒரு கணம் திடுக்கிடுகிறோம் அல்லவா? கண் ஒன்று சொல்கிறது, காது வேறொன்று சொல்கிறது. அவ்வளவுதான்.

மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலையிடி உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குத் தவறிவிடுவதுண்டு. மைக்ரேன் என்பது வெறும் வலியல்ல. வெளிச்சம், சத்தம், வாசனை, அசைவு எல்லாவற்றையும் மூளை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளும் ஒரு நிலை அது. தலையிடியைக் கடத்தும் முக்கிளை நரம்பின் பாதைகளும், சமநிலைச் செய்திகளைப் பெறும் நரம்பு மையங்களும் மூளைத்தண்டில் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஒன்று கலங்கும்போது மற்றதும் கலங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அந்த நேரத்தில் நேராக நிற்கும் சுவர் சாய்ந்து தெரியலாம், தூரம் பிழைக்கலாம். கட்டங்கட்டமான தரையோ, சாமான் அடுக்கிய நீண்ட கடைத் தட்டுகளோ தலையைச் சுற்றவைக்கலாம். கோப்பை விழுந்தது கவனக் குறைவால்தான் என்று அந்தக் கணவர் இனியும் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன்.

இந்த நோய்க்கு வெஸ்டிபியூலர் மைக்ரேன் என்று பெயர். சமநிலை ஆய்வாளர்களின் பாரானி சங்கமும் சர்வதேசத் தலைவலிச் சங்கமும் 2012ஆம் ஆண்டில்தான் இதற்கான அளவுகோலை ஒன்றாக வகுத்தன. மைக்ரேன் இருப்பவராகவோ முன்பு இருந்தவராகவோ இருக்கவேண்டும். ஐந்து நிமிடம் முதல் 72 மணித்தியாலம் வரை நீடிக்கும் தலைச்சுற்று குறைந்தது ஐந்து தடவை வந்திருக்கவேண்டும். அவற்றில் பாதித் தடவையாவது மைக்ரேன் வகைத் தலையிடியோ, வெளிச்சமும் சத்தமும் தாங்காத தன்மையோ, கண்முன் மின்னும் கோடுகளோ சேர்ந்திருக்கவேண்டும். வேறு நோய் எதுவும் இதற்குப் பொருந்தாதிருக்கவும் வேண்டும். தலைச்சுற்று வரும் ஒவ்வொரு தடவையும் தலையிடி வரவேண்டுமென்பதில்லை. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இந்த நோயைக் காட்டித்தரும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ கிடையாது. ஸ்கான் சரி என்றால் வேறு ஆபத்தான நோய் தென்படவில்லை என்பதே பொருள். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருளல்ல.

எல்லாத் தலைச்சுற்றும் இதுவல்ல. கட்டிலில் புரளும்போதோ சுஜூதிலிருந்து எழும்பும்போதோ அரை நிமிடமளவு சுற்றி நின்றுவிடுமானால், உட்செவியின் நுண்ணிய கற்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பும் எப்லி பயிற்சியால் டொக்டர் அதைச் சரிசெய்வார். காது அடைத்து, இரைந்து, கேள்வி குறைந்தால் அது வேறு நோய். ஒரு காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் காட்டவேண்டும்.

தாய்மாருக்குப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைக்ரேன் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. பஸ்ஸில் ஏறினால் வாந்தியெடுக்கும் பிள்ளை, விளையாடிக்கொண்டிருந்தபடியே பயந்து உம்மாவைப் பிடித்துக்கொண்டு "வீடு சுத்துது" என்று அழும் பிள்ளை, பின்னாளில் மைக்ரேன்காரராக வளர்வதுண்டு. இன்னும் சில பிள்ளைகள், உம்மாவின் முகம் சிறுத்துத் தூரப் போகிறது என்பார்கள், தன் கை பெருத்துவிட்டது என்பார்கள். 1955இல் ஜோன் டொட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதற்கு 'அற்புத உலகில் ஆலிஸ்' கதையை வைத்தே பெயரிட்டார். அந்தக் கதையை எழுதிய லூயிஸ் கரோலுக்கும் மைக்ரேன் இருந்தது. பிள்ளை இப்படிச் சொன்னால் பொய் சொல்கிறது என்று அடிக்கவேண்டாம், பேய் என்று பயமுறுத்தவும் வேண்டாம். டொக்டரிடம் காட்டுங்கள். சில காய்ச்சல் நோய்களிலும் இப்படி வருவதுண்டு.

இனிக் கடிதக்காரச் சகோதரிக்கு. ஒரு சிறு கொப்பி வாங்குங்கள். தலைச்சுற்று வந்த நாள், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, முதல்நாள் தூக்கம், தவறிய சாப்பாடு, மாதவிலக்கு நாள் எல்லாவற்றையும் குறியுங்கள். இரண்டு மாதக் குறிப்பு டொக்டருக்குப் பெரிய உதவி. கிளினிக்குக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தூக்கம் கெடுவதும் பட்டினியும் மைக்ரேனைத் தூண்டும். நோன்பின் முதல் நாட்களில் பலருக்கு வரும் தலையிடிக்கு, தேநீரும் கோப்பியும் சடுதியாக நின்றுபோவதும் ஒரு காரணம். றமழானுக்கு முந்திய இரண்டு வாரங்களில் அவற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்துவந்தால் இது தணியும்.

பனடோல் போன்ற மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் விழுங்கினால், அந்த மாத்திரையே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். அடிக்கடி வருபவர்களுக்கு வராமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஆஸ்துமா உண்டா, கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா என்பதைப் பொறுத்து அவை மாறும். எனவே பக்கத்து வீட்டாரின் மருந்தை வாங்கிக் குடிக்கவேண்டாம்.

கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்கவேண்டியிருக்கிறது. நீங்கள் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை பாவிக்கிறீர்களா? தலையிடிக்கு முன் கண்ணில் மின்னும் வளைகோடுகளோ பார்வையில் ஓட்டையோ தோன்றும் மைக்ரேன் உள்ள பெண்கள், ஈஸ்ட்ரஜன் கலந்த மாத்திரையைப் பாவிக்கக்கூடாது. பக்கவாத ஆபத்து அதனால் கூடுகிறது. வேறு முறைகள் உண்டு. குடும்ப நல உத்தியோகத்தரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தலைச்சுற்றோடு முகம் கோணினால், கை கால் சோர்ந்தால், பேச்சுக் குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், அறவே நிற்க முடியாவிட்டால், அல்லது வாழ்நாளில் வராத அளவுக்குத் தலையிடி சடுதியாக வந்தால், கொப்பி எழுதிக்கொண்டிருக்கும் நேரமல்ல அது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இரண்டாவது கேள்வி: பிள்ளையோடு படியிறங்கலாமா? தரை சாயும் நாளில் கூடாது. பிள்ளையை வேறொருவர் தூக்கட்டும். யாருமில்லாவிட்டால் கீழ்த்தளத்திலேயே இருந்துகொள்ளுங்கள். அன்றைக்குக் கொதிநீர்ப் பானையையும் தூக்கவேண்டாம். நல்ல நாட்களில் ஒரு கை கைபிடியில் இருக்க இறங்கலாம். படி விளிம்புகளில் வெள்ளைப் பெயின்ற் கோடு ஒன்று போட்டுத் தரும்படி கணவரிடம் சொல்லுங்கள். கைபிடி இல்லாத படியென்றால் அதையும் அவரே பொருத்தித் தரட்டும்.