இளைஞர் பகுதி: நம் பிள்ளைகளின் பேஸ்பால் குழு

"கிரிக்கெட் இருக்க, இந்தப் பேஸ்பால் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று அன்பர் ஒருவர் வினவி எழுதியிருக்கிறார். நியாயமான வினாவே. எங்கள் ரயில்வே குடியிருப்பில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுங்கால், கைதேர்ந்த இருவர் மாலை முழுவதும் மட்டையை விடமாட்டார்கள். ஏனையோர் பந்தைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். பேஸ்பாலிலோ ஒன்பது பேருக்கும் வரிசைப்படி முறை வந்தே தீரும். அடிக்கத்தக்க பந்தை மூன்று முறை தவறவிட்டவன், எவ்வளவு கெட்டிக்காரனாயினும், மட்டையை வைத்துவிட்டு நகர வேண்டியதுதான். அது பற்றியே துணிந்தேன்.

ஆட்டம் அமெரிக்காவிலிருந்து பரவியதாயினும், பள்ளிப் பிள்ளைகள் அதைத் தவம்போல் கொண்டாடும் நாடு ஜப்பான். அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் கோடைக்காலப் போட்டி 1915இல் தொடங்கியது. 1924இல் கோஷியன் மைதானம் எழுந்தபின் அங்கே நடந்து வருகிறது. தோற்ற பிள்ளைகள் கண்ணீருடன் அம்மைதானத்து மண்ணை அள்ளிப் பையிலிட்டு ஊருக்கு எடுத்துச் செல்வது வழக்கம். நம் நாட்டிலும் 1983இல் பேஸ்பால் சம்மேளனம் ஏற்பட்டது. பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகளிலும் இவ்வாட்டம் இடம் பெற்றிருக்கிறது.

முறையான களத்தில் தளத்துக்குத் தளம் 90 அடி. பந்து எறிபவன் நிற்குமிடம் 60 அடி 6 அங்குலத் தொலைவில். எங்கள் மைதானத்தின் ஒரு புறம் வேப்பமரங்கள், மறுபுறம் ஜன்னல்கள்! ஆகவே வெளிநாடுகளில் சிறுவர்க்கென வகுத்துள்ள 60 அடியையும் 46 அடியையும் கைக்கொண்டோம். சுண்ணாம்புத் தூளால் கோடு. சாக்கை நான்காக மடித்துத் தைத்தால் தளம்.

கையுறைதான் செலவு. ஆனால் ஓர் அணி அடிக்கும்போது மற்றது மட்டுமே களத்தில் நிற்பதால், பதினெட்டுப் பேருக்கும் ஒன்பது கையுறைகள் போதும். எறியாத கையில் அணிவது அது என்பதால், இடக்கைப் பிள்ளைக்கு வலக்கையில் பொருந்தும் கையுறை வேறாக வேண்டும். இதை நான் அறியாமல் வாங்கி ஏமாந்தேன்.

கிரிக்கெட் பழக்கம் எளிதில் போகவில்லை. முதல் வாரம் எல்லோரும் மட்டையைக் கையில் ஏந்தியே ஓடினர், ஒருவன் தளத்தை மட்டையால் தொட்டுவிட்டு, "ரீச் ஆகிவிட்டேன் மாமா!" என்று வாதாடினான். பின்புறம் நாசூக்காகத் தட்டிவிட்ட பந்து இங்கே கணக்கில் சேராதென்றதும் அவர்களுக்கு ஏற்பட்ட வருத்தம் சொல்லி முடியாது.

இனி நான் மறைக்க விரும்பாத ஒன்று. தலைக்கவசம் அடுத்த மாதச் சந்தாவில் வாங்கலாம் என்றிருந்துவிட்டேன். டென்னிஸ் பந்தில் பழகிய பிள்ளைகள் மெய்யான பந்து கேட்டனர், கொடுத்தேன். ஐந்து அவுன்ஸுக்குக் குறையாத பந்து. இரண்டாம் ஞாயிறன்று, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் புருவத்தின் மேல் பட்டது. மூன்று தையல். அவன் தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அண்ணா, ஒரு விரல் கீழே பட்டிருந்தால்?" என்று மட்டுமே கேட்டார். என்னிடம் விடையில்லை. அன்றிரவு மட்டைகளையும் பந்துகளையும் பெட்டியிலிட்டுப் பூட்டினேன்.

குழு கலைந்துபோகும் என்றே எண்ணினேன். அப்போது கைகொடுத்தது 'பேஸ்பால் ஃபைவ்' என்னும் புதிய ஆட்டம். உலக அமைப்பு 2017-18இல் அறிமுகப்படுத்தியது. அணிக்கு ஐவர், மட்டையில்லை, கையுறையில்லை, ரப்பர் பந்தைக் கையாலேயே அடித்து ஓட வேண்டும். தளத்துக்குத் தளம் 13 மீட்டரே. ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவது அதன் விதி. அதுவரை திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள் நால்வர் வந்து சேர்ந்தனர். அவர்களில் ஒருத்தியின் எறிதல் எந்தப் பையனுக்கும் குறைந்ததன்று.

மூன்று மாதச் சந்தாவில் தலைக்கவசம் நான்கும், பந்து பிடிப்பவனுக்கு முகமூடியும் மார்புக் கவசமும் வாங்கினோம். கவசமின்றி ஒருவன் மட்டையைத் தொட்டாலும் அன்றைய ஆட்டம் நின்றுவிடும். அடிபட்ட பையன் இன்னும் ஆடவில்லை. தாயார் இசையவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மரத்தடியில் அமர்ந்து ஓட்டக் கணக்கு எழுதுகிறான். சென்ற ஞாயிறு அவன் தாயாரும் காப்பிப் பாத்திரத்துடன் வந்து, ஆட்டம் முடியும்வரை இருந்தார்.

பயிற்சி ஞாயிறு காலை ஆறரை மணிக்கு. தேர்வு மாதங்களில் இல்லை. வலக்கையில் அணியும் பழைய கையுறை எவரிடமேனும் இருப்பின் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.