யாருக்கு இரகசியம்?

உழவனுக்கு ஒரு வாக்கு. ஆலை அதிபருக்கும் ஒரே வாக்கு. சட்டம் அப்படித்தான் சாற்றுகிறது. ஆனால் அரசின் கதவு யார் தட்டினால் திறக்கிறது? அதையே கேட்கிறோம் நாம்.

2017இன் நிதிச் சட்டத்தால் வழிபெற்று, 2018இல் உலவத் தொடங்கியது தேர்தல் பத்திரம். கொடுத்தவர் பெயர் நாட்டார்க்குத் தெரியாது. சராசரி இலாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கம்பெனிகள் கட்சிகட்கு வழங்கலாகாது என்றிருந்த வேலியும் அன்றே பிடுங்கப்பட்டது. (ஏழரை என்றால் சனி என்பார் பஞ்சாங்கத்தார், நமக்கதில் நம்பிக்கையில்லை. இங்கோ ஏழரை நீங்கிய பிறகே பீடை!) ரிசர்வ் வங்கி எச்சரித்தது, தேர்தல் ஆணையம் எதிர்த்தது. கேட்பாரில்லை.

இரகசியமாம் இரகசியம்! பத்திரத்தை விற்றதே அரசுடைமையான ஸ்டேட் வங்கி. ஆள்வோர் அறிய வழியுண்டு, கொடுத்தவரும் அறிவார். அறியாதவர் வாக்காளர் மட்டுமே! விற்றது 16,000 கோடி ரூபாய்க்கு மேல். பெரும்பகுதி கோடி ரூபாய்ப் பத்திரங்கள். ஆயிரம் ரூபாய்ப் பத்திரமும் இருந்தது, பெயருக்கு.

எளியோன் கொடுப்பது கொள்கைக்காக. கம்பெனி கொடுப்பது? பதிலுக்குப் பயன் நாடும் வணிகமே அது என்றது உச்சநீதிமன்றம், 2024 பிப்ரவரி 15இல். ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத் திட்டத்தை வீழ்த்தினர். விவரந்தர ஜூன் 30 வரை தவணை கேட்டது வங்கி. மறுநாளே தருக என்றது மன்றம். தந்துவிட்டது!

பெயர்கள் வெளிவந்தன. மாற்றிக்கொண்ட பணமோ கட்சிகளின் பெட்டியிலேயே! தனிக்குழு அமைத்து ஆராயக் கோரிய மனுக்களையும் 2024 ஆகஸ்டில் மன்றம் ஏற்கவில்லை. ஆகவே, ஆண்ட கட்சி, எதிர்த்த கட்சி, வடக்கு, தெற்கு என்ற வேறுபாடின்றிக் கேட்கிறோம்: பணம் வந்த நாள் எது? கொடுத்தவரின் கோப்பில் கையெழுத்து விழுந்த நாள் எது? இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுவீர்களா?