ஒரு மணி நேர வேலையும் உயிலங்குளத்து வேலையின்மையும்

2023ஆம் ஆண்டில் இலங்கையின் வேலையின்மை 4.7 வீதம் எனத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணித்திருந்தது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென 2022 ஏப்ரலில் அறிவித்த நாட்டில் இத்தனை சிறிய எண்ணா என வியந்தோர் பலர். கூட்டல் கழித்தலில் தவறில்லை. கேட்கப்படும் கேள்வியிலேதான் சிக்கல் உள்ளது.

சர்வதேச வரையறையின்படி, கடந்த வாரத்தில் ஒரு மணி நேரமேனும் கூலிக்கோ இலாபத்துக்கோ உழைத்தவர் வேலையுள்ளவராவார். வேலையற்றவராகக் கணிக்கப்படுவதற்கோ வேலையில்லாதிருந்தால் மட்டும் போதாது. கடந்த நான்கு வாரங்களில் அதனைத் தேடியிருக்கவும் வேண்டும். தேடிச் சலித்து வீட்டில் இருந்துவிட்டவர் தொழிற்படைக்கே வெளியே நிறுத்தப்படுகிறார்.

மன்னார் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய வயல்கள் சூழ்ந்த உயிலங்குளத்துக்கு இவ்வரையறையைப் பொருத்திப் பார்ப்போம். பெரும்போக அறுவடைக் காலத்தில் கணக்கெடுப்பாளர் வந்தால் வயற்கூலியாள் வேலையுள்ளவர். குளத்து நீர் குறைந்து சிறுபோகம் சுருங்கிய மாதங்களில் வந்தால் அவருக்கு வேலையில்லை. ஆயினும் அவர் வேலை தேடுவதுமில்லை; எங்கே போய்த் தேடுவார்? ஒரே மனிதருக்கு ஓராண்டில் இரண்டு மூன்று முத்திரைகள்! ஒருமுறை மட்டும் கதவைத் தட்டும் ஆய்வுக்கு இது புலப்படாது.

இந்தியாவில் 2017 முதல் நடைபெறும் தொழிற்படை ஆய்வு, கடந்த வாரத்து நிலையோடு கடந்த 365 நாள் நிலையையும் வினவுகிறது. நகர்ப்புற வீடுகளுக்கு நான்கு தடவைகள் சென்ற அம்முறை 2025 இல் கிராமங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அமெரிக்காவிலோ ஒரே வீட்டில் நான்கு மாதங்கள் விசாரித்து, எட்டு மாதங்கள் விட்டு, மீண்டும் நான்கு மாதங்கள் விசாரிக்கின்றனர்.

தொடர் ஆய்விலும் பொறிகள் உண்டு. இம்முறை மனைவியும் அடுத்தமுறை தம்பியும் பதிலளித்தால், மாறியது தொழில்நிலையா, பதில் சொன்னவரா? நடுவில் ஒரு பதில் பிழைத்தால், நிகழாத இரு மாற்றங்கள் ஏட்டில் பதிவாகிவிடும்.

வடபுல முஸ்லிம்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றுண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009 இற்குப் பின் மீளத் திரும்பிய குடும்பங்களிற் பல, புத்தளத்தில் ஒரு காலும் மன்னாரில் ஒரு காலுமாக வாழ்கின்றன. ஆய்வு பின்தொடர்வது முகவரியை, ஆளையல்ல. இரண்டாம் தடவை வரும்போது எருக்கலம்பிட்டியிலோ முசலியிலோ கதவு பூட்டியிருந்தால் அக்குடும்பம் ஏட்டிலிருந்து நழுவிவிடும். தொழிலுக்காக இடம்பெயர்ந்தவரே இவ்வாறு நழுவுகையில், எஞ்சுவது இருந்தவர்களின் கணக்கு மட்டுமே.

மன்னார் மாவட்டத்திலேனும் இரு போகங்களிலும் அதே குடும்பங்களைச் சந்தித்து, ஆண்டில் எத்தனை நாட்கள் வேலை கிடைத்தது என்பதையும் திணைக்களம் கேட்க வேண்டும். புத்தளம் சென்றவரை அங்கேயே தேடிச் சென்று விசாரிப்பதும் அதன் பொறுப்பாகும்.