அலங்காரக் கண்வில்லைகள்: இணையத்தில் வாங்குவதா, கடையில் வாங்குவதா?

திருமணம், தீபாவளி, நடன அரங்கேற்றம் போன்ற நாள்கள் நெருங்கும்போது, கண்ணின் நிறத்தை மாற்றிக் காட்டும் வில்லைகளை அணிய இளையர் பலர் விரும்புகின்றனர். காண்டாக்ட் லென்ஸ் எனப்படும் இவ்வில்லைகள், இணைய விற்பனைத் தளங்களில் ஒப்பனைப் பொருள்களோடு சேர்த்தே விற்கப்படுகின்றன. எனவே இவற்றையும் உதட்டுச்சாயம் போன்ற ஒன்றாகக் கருதத் தோன்றும். ஆனால் சிங்கப்பூரில் கண்வில்லை ஒரு மருத்துவச் சாதனமாகும். பார்வையைத் திருத்தும் ‘பவர்’ சிறிதும் இல்லாத, அழகுக்காக மட்டுமே அணியும் வில்லையையும் அதே கவனத்துடன் அணுக வேண்டும்.

அழகுக்கான வில்லையால் என்ன தீங்கு?

கண்ணின் முன்புறத்திலுள்ள கருவிழிப் படலத்தில் இரத்த நாளங்கள் இல்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனை அது பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே பெறுகிறது. பொருந்தாத வில்லை இந்த வழியைத் தடுக்கிறது. படலத்தை உரசிக் கீறவும் செய்கிறது. அக்கீறல் வழியே கிருமிகள் நுழைந்தால் புண் உண்டாகும். சில வகைப் பாக்டீரியாக்கள் ஓரிரு நாள்களிலேயே கருவிழியைக் கடுமையாகச் சிதைத்துவிடும். புண் ஆறினாலும் அதன் தழும்பு பார்வையை நிரந்தரமாக மங்கச் செய்யலாம்.

இணையத்தில் விடுபடுவது எது?

கண்வில்லைக்கு நிறமும் பவரும் மட்டும் அளவுகள் அல்ல. அதன் வளைவும் விட்டமும் உங்கள் கண்ணுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கான சீட்டில் இவ்விரண்டும் இரா. கண்ணை அளந்து, வில்லையை அணிவித்து, அது எவ்வாறு அசைகிறது என்று பார்த்த பின்னரே பொருத்தத்தை உறுதிப்படுத்த இயலும். இணையத்தில் நேரடியாக வாங்கும்போது இந்தப் படி முழுவதும் விடுபட்டுப்போகிறது. வில்லையைக் கழற்றும் முறையையும் சுத்தம் செய்யும் முறையையும் கற்பிக்க அங்கு எவரும் இல்லை.

கடையில் வாங்கினால் போதுமா?

போதாது. அழகுசாதனக் கடையிலோ சந்தைக் கடையிலோ பரிசோதனையின்றி வாங்கும் வில்லைக்கும் இணையத்தில் வாங்கும் வில்லைக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே ‘எங்கே வாங்குவது’ என்பதைவிட, ‘என் கண்ணைப் பரிசோதித்தவர் யார், சிக்கல் நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்’ என்பதே முதன்மையான கேள்வி.

இப்பொறுப்பு ஏன் இன்றியமையாதது என்பதை ஒரு நிகழ்வு காட்டுகிறது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரில் கண்வில்லை அணிந்தோரிடையே ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் கருவிழித் தொற்று பரவியது. ஓர் ஆய்வில் மட்டும் 66 நோயாளிகள் பதிவாயினர். மாற்ற வேண்டிய காலம் கடந்தும் வில்லையை அணிந்தவர்கள் அவர்களுள் பலர். ஒரு குறிப்பிட்ட சுத்திகரிப்புத் திரவத்துடன் தொற்றுக்குத் தொடர்பு இருப்பது தெரியவந்தது. 2006இல் அத்திரவம் உலகெங்கும் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. நோயாளிகள் பயன்படுத்திய பொருள் எது என்று அறிய முடிந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. யாரென்றே தெரியாத விற்பனையாளரிடம், முறையான பெயர்ச்சீட்டு இல்லாமல் வாங்கிய வில்லையை அவ்வாறு தேடிக் கண்டுபிடிப்பது அரிது.

வாங்குவதற்கு முன்

• பதிவுபெற்ற கண் பரிசோதகரிடமோ கண் மருத்துவரிடமோ கண்ணை அளந்து பொருத்தம் பாருங்கள். கண் பரிசோதகரின் பதிவை உரிய வாரியத்தின் பொதுப் பதிவேட்டில் சரிபார்க்கலாம்.
• பெட்டி திறக்கப்படாமல் இருக்கிறதா, தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள்.
• முன்பு பொருத்தம் பார்த்த அதே வில்லையை மீண்டும் வாங்குவதானாலும், மறுபரிசோதனைக் காலம் கடந்துவிடவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

அணியும்போது

கையைக் கழுவி உலர்த்திய பின்னரே வில்லையைத் தொடுங்கள். குழாய்நீரிலோ உமிழ்நீரிலோ அதைக் கழுவ வேண்டாம். வில்லையுடன் உறங்கவோ நீந்தவோ வேண்டாம். ஒருவர் அணிந்ததை மற்றொருவர் அணியவே கூடாது.

உடனே செய்ய வேண்டியவை

வலி, சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, பார்வை மங்கல், சீழ் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் வில்லையை உடனே கழற்றுங்கள். அதே நாளில் மருத்துவரைக் காணுங்கள். வலி கடுமையாக இருந்தாலோ பார்வை குறைந்தாலோ மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். வில்லையையும் அதன் பெட்டியையும் எறிந்துவிடாமல் உடன் கொண்டுசெல்லுங்கள். கிருமியைக் கண்டறிய அவை உதவும். வீட்டில் எஞ்சியிருக்கும் கண் சொட்டு மருந்தை நீங்களாகவே இட வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்று மோசமாகலாம்.

பெற்றோர், பராமரிப்பாளர் கவனத்துக்கு

வில்லையை இரகசியமாக வாங்கிய பிள்ளை, கண்டிப்புக்கு அஞ்சி வலியை மறைக்கக்கூடும். முதலில் கண்ணைக் காப்பாற்றுங்கள். எங்கு வாங்கியது என்ற விசாரணை பிறகு நடக்கட்டும். மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல அவருக்குத் துணையாக இருங்கள்.